ஒரு பவுண்டு தானியமும் ஒரு வைஸ்ராயின் கேலியும்

1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் இந்தியாவின் வைஸ்ராய் லிட்டன் பிரபு சென்னை மாகாணத்துக்கு வந்தார். பஞ்ச நிவாரண முகாம்களைச் சுற்றிப் பார்த்தார். பார்த்த கையோடு தம் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். முகாம்களில் இருக்கிறவர்கள் ஒரு வேலையும் செய்வதில்லை, தின்று கொழுத்துப் போயிருக்கிறார்கள், எல்லாம் ஜனங்கள் கூடிக் கும்மாளம் போடும் பிக்னிக் மாதிரி இருக்கிறது என்பது அதன் சாரம். கவர்னர் பக்கிங்காம் கோமகனையும் அவர் விடவில்லை. இங்கிலாந்தில் ஒரு பண்ணையார், பரிசுக்கு விடப்போகும் காளையும் பன்றியும் எவ்வளவு சதை போட்டிருக்கின்றன என்று தொழுவத்தைச் சுற்றிப் பார்ப்பாராம். கோமகன் முகாமுக்குப் போவது அப்படித்தான் இருக்கிறதாம்.

காளை, பன்றி என்று அவர் சொன்னது எங்கள் ஆட்களை. நான் பிறந்த ஊர் தர்மபுரிக்குப் பக்கம். 1965 வரை அது சேலம் மாவட்டம். அந்தப் பஞ்சத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. வானம் பார்த்த பூமி. கேழ்வரகு, சாமை, கொள்ளு, கொஞ்சம் கம்பு. ஐப்பசி மழை ஒன்று தவறினால் அடுத்த சித்திரைக்குள் அடுக்குப்பானை காலி. பணியில் இருந்த காலமெல்லாம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். நான் நடத்திய பாடப்புத்தகங்களில் தாது வருஷப் பஞ்சம் இரண்டு வரியில் போய்விடும். லிட்டன் நடத்திய தில்லி தர்பாருக்கு அரைப் பக்கம் கிடைக்கும். அந்த அரைப் பக்கத்தையும் இரண்டு வரியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் உண்டு. ஏனென்றால் இரண்டும் ஒரே மாதங்களில் நடந்தவை.

தாது வருஷம் என்பது 1876 சித்திரையில் பிறந்தது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் கைவிட்டது. அடுத்து வந்த ஈசுவர வருஷத்திலும் கோடையில் பயிர் ஏறவில்லை. சேலம், கோயம்புத்தூர், வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, வடக்கே பெல்லாரி, கர்நூல், கடப்பை, மேற்கே மைசூர் சமஸ்தானம், பம்பாய் தக்காணம் வரை வறட்சி. மழை இல்லாதது முதல் காரணம்தான். அது மட்டுமே காரணம் அல்ல. ரயில் வந்துவிட்டிருந்தது. பஞ்ச காலத்தில் ரயில் தானியத்தைக் கொண்டுவரும் என்று பேர். ஆனால் விலை எங்கே ஏறுகிறதோ அங்கே வியாபாரிகள் தானியத்தை இழுத்துக்கொண்டு போகவும் அதே ரயில்தான் உதவியது. உள்ளூர்க் களஞ்சியத்தில் இருந்ததும் ஸ்டேஷன் கிடங்குக்குப் போய்விட்டது. விலையில் கைவைக்கக் கூடாது, சந்தை தானே சரிசெய்துகொள்ளும் என்பது அரசாங்கத்தின் சித்தாந்தம். 1877-78இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய கோதுமை மட்டும் சுமார் 3,20,000 டன். கையில் காசு இருந்தால் கடையில் தானியம் இருந்தது. காசு இல்லை.

பக்கிங்காம் கோமகன் மகாத்மா ஒன்றும் அல்லர். ஆனாலும் அவருடைய அரசாங்கம் ஆரம்பத்தில் பதறியது. தானே தானியம் வாங்கத் தொடங்கியது, வேலை கொடுத்தது, கஞ்சி ஊற்றியது. வியாபாரத்தில் அரசு தலையிடுவதா என்று கல்கத்தாவிலிருந்து கண்டனம் வந்தது. மனிதாபிமானம் பேசுகிறவர்களுக்கெல்லாம் சித்தம் கலங்கிவிட்டது என்கிற தொனியிலேயே லிட்டன் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது வேறு பெரிய வேலை இருந்தது. விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க வேண்டும். 1877 ஜனவரி 1ஆம் தேதி தில்லியில் தர்பார். அழைக்கப்பட்டவர்கள் 68,000 பேர். ராஜாக்கள், நவாபுகள், அதிகாரிகள். ஒரு வாரத்துக்கு மேல் விருந்தும் ஊர்வலமும். பஞ்சத்தில் கிடந்த சென்னை மாகாணத்தின் கவர்னரும் அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது. அந்தத் தர்பார் நடந்து முடிவதற்குள் சென்னையிலும் மைசூரிலும் ஒரு லட்சம் பேர் செத்திருப்பார்கள் என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகையாளரே பின்னால் மதிப்பிட்டார்.

அதே நாட்களில் சென்னைப் பட்டணத்துக்குள் ஒரு லட்சம் பேர் வரை பஞ்சம் பிழைக்க வந்து குவிந்திருந்தார்கள். கப்பலில் வந்திறங்கிய அரிசி மூட்டைகள் மலையாகக் குவிந்திருக்க, துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் காவல் நின்றார்கள். மூட்டைக்கு எதிரிலேயே ஆட்கள் சுருண்டு விழுந்து செத்தார்கள். பிள்ளைகளை விற்கத் தெருவில் நின்ற தாய்மார்களை அன்றைய ஆங்கிலப் பதிவுகளே சொல்கின்றன.

கேலி ஒரு வாய்ச்சொல், அது யாரை என்ன செய்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் ஒரு ஆளைத்தான் காட்டுவேன். சர் ரிச்சர்ட் டெம்பிள்.

1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது நிவாரணத்தை நடத்தியவர் டெம்பிள். பர்மாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் டன் அரிசியை வரவழைத்தார். வண்டி, மாடு, படகு எல்லாவற்றையும் வாடகைக்குப் பிடித்துக் கிராமம் கிராமமாக அனுப்பினார். பஞ்சம் என்று வந்து, பெரிய சாவு இல்லாமல் போனது பிரிட்டிஷ் ஆட்சியில் அபூர்வம். பட்டினியால் செத்தவர்கள் என்று அரசாங்கக் கணக்கில் ஏறியது 23 பேர். இப்படி ஒரு காரியம் செய்தவருக்கு மாலை போட்டிருக்க வேண்டாமா? நையாண்டிதான் கிடைத்தது. இத்தனை அரிசியா, மிஞ்சிப்போய்க் கிடக்கிறதே, வராத பஞ்சத்துக்கா இவ்வளவு செலவு என்று சக அதிகாரிகள் சிரித்தார்கள். லண்டன் 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகை, தங்களை உயிரோடு வைத்திருப்பது அரசாங்கத்தின் கடமை என்று இந்தியர்கள் நம்பும்படி செய்துவிட்டாரே என்று அவரைச் சாடியது. நன்றாக நடந்த காரியத்தை முட்டாள்தனம் என்று ஆக்கிவிட்டார்கள்.

டெம்பிளுக்கு அது சுட்டது. 1877 ஜனவரியில் லிட்டன் அவரையே பஞ்சத் தூதராகச் சென்னைக்கும் பம்பாய்க்கும் அனுப்பினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கக் கூடாது என்ற தீர்மானத்தோடு வந்தார். குதிரையிலும் ரயிலிலுமாகச் சடுதியில் ஒரு சுற்று. ஜனங்கள் அவ்வளவு மோசமாக இல்லை என்று எழுதினார். சுமார் ஐந்து லட்சம் பேரை நிவாரண வேலையிலிருந்து நீக்கினார். வேலை வேண்டுமென்றால் சொந்த ஊரிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள முகாமுக்கு நடந்து போக வேண்டும். உண்மையிலேயே பசிக்கிறவன்தான் அவ்வளவு தூரம் நடப்பான் என்பது தத்துவம். பசித்தவனால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பது யாருக்கும் தோன்றவில்லையா, தோன்றியும் சும்மா இருந்தார்களா? அதிகாரிகளின் புத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும் என்பதால் இரண்டாவதுதான் என்பேன்.

நடந்து போய்ச் சேர்ந்தவனுக்குக் கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் சில்லறை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. வரலாற்றில் இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர்.

ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். பட்டணம்படியில் கால்படிக்குக் கொஞ்சம் மேலே. நம் வீட்டில் மேஜைக்குமுன் உட்கார்ந்து வேலை பார்க்கிற ஆளுக்கு, குழம்பு, கூட்டு, மோர் எல்லாம் இருக்கும்போது, 450 கிராம் அரிசி ஒரு நாளைக்குத் தாராளம். அதனால்தான் எண்ணைப் படித்தவுடன் நமக்கு உறைப்பதில்லை. எங்கள் பக்கத்துக் கணக்கில் சொல்கிறேன். அது கேழ்வரகு என்றே வைத்துக்கொள்வோம். கல், மண், உமி புடைத்து, இயந்திரத்தில் திரித்து மாவாக்கினால் நானூறு கிராம் தேறும். கிண்டினால் கைக்கு அடங்கிய களியுருண்டை நாலு வரும். காட்டு வேலைக்குப் போகிற ஆள் காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு போட்டுக்கொண்டால் ராத்திரிக்குச் சட்டி காலி. இதற்குத் தொட்டுக்கொள்ளக் கீரை பறிக்க ஏரிக்கரையில் பசுமை இல்லை. உப்பும் மிளகாயும் அந்தச் சில்லறையில் வாங்க வேண்டும். விறகு வாங்க வேண்டும். பருப்பு என்பது கனவு. இதைத் தின்றுவிட்டு வெயிலில் நாள் முழுக்கக் கல் உடைக்க வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும், மண் சுமக்க வேண்டும். ஏற்கெனவே ஆறு மாதமாக நாகதாளிப் பழத்தையும் புளியங்கொட்டையையும் அவித்துத் தின்று வந்த உடம்பு அது. முகாமில் அளக்கிறவன் கையில் படி எப்படித் தலைதட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஒரு பவுண்டு ஒரு மருத்துவர் அளந்து சொன்ன அளவு அல்ல. மருத்துவர் சொன்னது வேறு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், வேலை செய்கிற ஆணுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியம், அதோடு பருப்பும் காய்கறியும் குறைந்தபட்சம் வேண்டும் என்று எழுதினார். டெம்பிளோடு அறிக்கைக்கு அறிக்கை மோதினார். முகாம்களின் மரணக் கணக்கை எடுத்துப் போட்டார். ஒரு மாதத்தில் செத்தவர்களின் விகிதத்தை ஆண்டுக்குப் பெருக்கினால் நூற்றுக்கு 94 வந்தது. அதாவது ஒரு முகாமில் எப்போதும் நூறு பேர் இருக்கும்படி ஆள் நிரப்பிக்கொண்டே வந்திருந்தால், ஒரு வருஷத்தில் 94 பேர் செத்திருப்பார்கள். கார்னிஷின் பிடிவாதத்தால் சென்னை அரசாங்கம் சில மாதத்தில் அளவைக் கொஞ்சம் உயர்த்தியது; கூடவே பருப்பும் சேர்த்தது. அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான். டெம்பிளுக்கு அந்தக் கோடையிலேயே பம்பாய் கவர்னர் பதவி கிடைத்தது.

பம்பாய்ப் பக்கம் கூலியைக் குறைத்தபோது ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். பட்டினி கிடப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தது அது. புனே சார்வஜனிக் சபை அவர்களுக்காக மனு மேல் மனு எழுதியது. நம் பக்கத்தில் அப்படி ஒரு சபை அப்போது இல்லை. இங்கே ஜனங்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை, ஊரைவிட்டே போனார்கள். கடல் தாண்டி, மன்னார் வழியாக நடந்து, இலங்கையில் கண்டிச் சீமையின் காபித் தோட்டத்துக்கு. போன வழியில் விழுந்தவர்களின் கணக்கு யாரிடமும் முழுசாக இல்லை.

இந்த இடத்தில் திரும்பவும் அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். முகாமில் கொழுத்த உடம்புகளைப் பார்த்ததாக லிட்டன் எழுதினாரே, அவர் எதைப் பார்த்தார்? உபசாரத்துக்காக நல்ல முகாமாகப் பார்த்துக் கூட்டிப்போயிருக்கலாம். நம் ஊரில் அமைச்சர் வருகைக்கு முதல்நாள் நடப்பது நமக்குத் தெரியாததா? இன்னொரு ஊகமும் எனக்கு உண்டு. ராயபுரத்தில் மணியக்காரர் சத்திரத்தை ஒட்டிய மருத்துவமனையில் அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற டாக்டர், பஞ்சத்தில் இறந்த நூற்றுக்கணக்கான உடல்களை அறுத்துப் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1889இல் அது அரசாங்க அச்சகத்தில் புத்தகமாக வந்தது. நாள்பட்ட பட்டினியில் உடம்பு மெலிவது மட்டும் நடப்பதில்லை. காலும் முகமும் வயிறும் நீர் கோத்து வீங்கும். எங்கள் ஊர்க் கிழவிகள் அதை 'ஊதிப்போச்சு' என்பார்கள். ஊதினவன் பிழைக்க மாட்டான் என்பார்கள். வீங்கின கன்னத்தைச் சதை என்று எண்ணிச் சிரித்துவிட்டுப் போயிருக்க ஒரு வைஸ்ராயால் முடியும். உறுதியாகச் சொல்ல என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்த நாள் முதல் இந்த எண்ணம் என்னை விடவில்லை.

லிட்டன் கவிஞர். ஓவன் மெரிடித் என்ற புனைபெயரில் கவிதைகள் வெளியிட்டவர். புகழ்பெற்ற நாவலாசிரியரின் மகன். சொல்லின் எடை தெரியாதவர் அல்லர். அதனால்தான் அந்தக் கடிதத்தை, மனைவிக்கு எழுதிய அந்தரங்கம், அதைப்போய் நோண்டலாமா என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. எழுதியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இந்த ஜனங்களை எப்படி உருப்படியான வேலைக்குத் திருப்புவது என்பதுதான் பெரிய பிரச்சினை என்று அதே கடிதத்தில் கவலைப்பட்டார். பஞ்ச நிர்வாகத்தைத் தம் கருத்துக்கு ஏற்றபடி மாற்றவைத்து, இலவசக் கஞ்சியிலிருந்து ஆட்களைக் குறைக்கச் செய்தார். புரட்டாசி, ஐப்பசியில் மழை வந்தது. மழையோடு மலைக்காய்ச்சல் வந்தது. பட்டினியில் மிஞ்சிய உடம்புகளை அது அள்ளிக்கொண்டு போனது.

லிட்டனைச் சிரிக்கவிடாமல் செய்தவர்களும் வெள்ளைக்காரர்கள்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி அவர்களில் ஒருவர். 1877 ஆகஸ்டில் சென்னையில் பொதுக்கூட்டம் போட்டு இங்கிலாந்துக்கு வேண்டுகோள் அனுப்பினார்கள். லண்டன் மேயரின் மாளிகையில் நிதி திரண்டது. லட்சக்கணக்கான பவுன் வந்தது. அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே டிக்பி இரண்டு தொகுதிகளில் பஞ்சத்தின் கதையை எழுதி வெளியிட்டார். நாம் இன்று இவ்வளவு பேச முடிவது அவரால்தான். அதே 1878இல் லிட்டன் சுதேசமொழிப் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அரசாங்கத்தைக் குத்தி எழுதும் இந்தியமொழிப் பத்திரிகைகளின் வாயை மூட. பஞ்சத்தில் செத்தவர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம். தம்மைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் அமலாகவில்லை, 1882இல் ரிப்பன் பிரபு அதை எடுத்தும்விட்டார்.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் பஞ்சத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கூடவே வரும் புகைப்படங்கள் உண்டு. விலா எலும்பு தெரிய, இடுப்பில் ஒரு கந்தலோடு, வரிசையாக உட்காரவைத்த ஆணும் பெண்ணும் பிள்ளைகளும். எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், சென்னைக் குதிரைப்படை அதிகாரி. அவை இல்லாவிட்டால் உலகம் நம்பியிருக்காது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் படங்களை உற்றுப் பாருங்கள். நிற்க முடியாதவர்களை நிற்கவைத்து, கூட்டமாக அடுக்கி, காட்சிக்குத் தோதாக அமைத்திருக்கிறார். அந்த ஆளின் மனசு எப்படி என்பது பத்து வருஷம் கழித்துத் தெரிந்தது. 1886இல் மாந்தலேயில் பர்மியக் கைதிகளைச் சுட்டுக்கொன்ற இடத்தில், சுடுகிற கணத்தைப் படம் பிடிப்பதற்காகச் சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்று புகார் எழுந்து, விசாரணை நடந்து, கண்டிக்கப்பட்டார். இன்று அவர் எடுத்த பஞ்சப் படங்களுக்கு மேல் வேடிக்கை வாசகம் போட்டு, 'டயட் இருக்கிறவர்கள்' என்று செல்போனில் அனுப்புகிறவர்கள் நம் பிள்ளைகள். எனக்கும் ஒன்று வந்தது. அனுப்பியவன் என்னிடம் படித்தவன், நல்ல பையன்தான். அந்தப் படத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று கேட்டேன். ஆப்பிரிக்கா என்று நினைத்தானாம். ஆப்பிரிக்காவாக இருந்தால் சிரிக்கலாமா என்று கேட்கத் தோன்றியது, அதையும் கேட்டேன். பதில் இல்லை.

லிட்டனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பஞ்சப் பரதேசி, பஞ்சத்தில் அடிபட்டவன், பஞ்சப்பாட்டு என்று நம் வாயில் எத்தனை வசவு! சினிமா நகைச்சுவையில் இவை இல்லாத காலமே கிடையாது. எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணப் பந்தி. மூன்றாம் தடவை சோறு கேட்ட பையனைப் பார்த்து என் மாமா, "ஏன்டா மாப்ள, தாது வருசத்துல பொறந்தவனா நீ?" என்றார். பந்தி முழுக்கச் சிரிப்பு. பையன் கையை இழுத்துக்கொண்டான். பரிமாறிக்கொண்டிருந்த பெரியம்மா நின்றுவிட்டார்.

"என்னடா சிரிப்பு? அந்த வருசத்துல நம்ம ஊட்ல மிஞ்சினது ரெண்டே உசுரு. அதுங்க வவுத்துல வந்ததுதான் இந்தப் பந்தி பூராவும்."

"தமாசுக்குச் சொன்னேங்கா," என்றார் மாமா.

"தமாசுக்கு வேற ஆள் கெடைக்கலியா? சோறு கேட்ட பையன்தான் கெடைச்சானா?" என்று சொல்லிவிட்டு, பையன் இலையில் இரண்டு கரண்டி கூடவே வைத்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டு உயிர்கள் யார் என்றும் அவர் சொல்லியிருக்கிறார்: ஒரு அக்காவும் தம்பியும். பாலக்கோட்டுப் பக்கம் எங்கோ ஒரு கஞ்சித்தொட்டியில் ஊற்றிய கஞ்சியில் பிழைத்தவர்கள் என்று குடும்பத்தில் பேச்சு. அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

அப்படியானால் பஞ்சத்தைப் பற்றிச் சிரிக்கவே கூடாதா என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு பேரைக் காட்டுவேன். ஒருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதியவர். அந்தப் புத்தகம் அச்சாகி வந்தது 1879இல், பஞ்சம் ஓய்ந்த கையோடு. அதில் பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. மனிதர்களின் அசட்டுத்தனத்தைப் பார்த்து அவர் அளவு சிரித்தவர் அந்தக் காலத்தில் தமிழில் இல்லை. ஆனால் தாது வருஷத்தில் அவர் மாயூரத்தில் கஞ்சித்தொட்டி வைத்தார், கைப்பொருளைச் செலவழித்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அதைப் பாராட்டிக் கீர்த்தனையே பாடினார். நகைச்சுவை அவரிடம் நிறைய இருந்தது. பசித்தவன் பக்கம் அதை அவர் திருப்பவில்லை.

இன்னொருவர் சிவகங்கைச் சமஸ்தான வித்துவான் வில்லியப்பப் பிள்ளை. 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' என்று ஒரு நூல் எழுதினார். ஆயிரக்கணக்கான அடிகள், அத்தனையும் பஞ்சத்தைப் பற்றிய அங்கதம். பஞ்சத்தில் தவிக்கும் ஜனங்கள் மதுரைச் சொக்கநாதரிடமே போய் முறையிடுகிறார்கள். கடவுளின் பாடே திண்டாட்டமாக இருக்கிறது. அவர் என்ன செய்வார், சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புகிறார். இதைவிடக் குறும்பான கற்பனை எனக்குத் தெரிந்து இல்லை. படித்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்பில் அடிபடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். கையாலாகாத கடவுள், வட்டிக்காரன், பதுக்கல்காரன், போலிச் சாமியார், ஊர்ப் பெரிய மனுஷன். கஞ்சிக்கு நிற்பவன் மேல் ஒரு கல் விழாது. லிட்டனும் பஞ்சத்தைக் கண்டு சிரித்தார், வில்லியப்பப் பிள்ளையும் சிரித்தார். இரண்டையும் ஒன்றாக எண்ண எனக்குச் சம்மதம் இல்லை. ஒருவர் வயிறு நிறைந்திருந்தது என்பது மட்டும் வித்தியாசம் அல்ல. அளக்கிற படி அவர் கையில் இருந்தது.

1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் கூட வேண்டிய ஜனத்தொகை மூன்றரை லட்சத்துக்குமேல் குறைந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் அந்தப் பஞ்சம் கொண்டுபோனது சுமார் 55 லட்சம் உயிர்கள் என்று ஒரு மதிப்பீடு. அதைவிட அதிகமாகச் சொல்கிறவர்களும் உண்டு. பஞ்ச விசாரணைக் கமிஷன் 1880இல் அறிக்கை கொடுத்தது. அதன் பின்னால் பஞ்ச விதிகள் வந்தன. லிட்டன் 1880இல் ஊர் திரும்பினார், ஏர்ல் பட்டம் பெற்றார், பாரிஸில் தூதராக இருந்து 1891இல் அங்கேயே இறந்தார். பட்டினி கிடந்தவர்கள் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே சுமார் எட்டுக் கிலோமீட்டர் வெட்டிய கால்வாயோடு சேர்த்து முழு நீளத்துக்கும் கவர்னர் பெயரை வைத்தார்கள்: பக்கிங்காம் கால்வாய். வெட்டினவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் இல்லை. ராயபுரத்துச் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வடசென்னையில் பழைய ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள். பஞ்சங்களுக்கென்று ஜனங்கள் வைத்துக்கொண்ட நினைவுச் சின்னம் அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கஞ்சித்தொட்டி என்று பெயர் உள்ள மேடோ மரத்தடியோ இருந்தால், பஞ்சத்தில் வெட்டிய ஏரி, கிணறு, சாலை என்று பெரியவர்கள் காட்டும் இடம் இருந்தால், தாது வருஷக் கும்மி தெரிந்த பாட்டி ஒருத்தி உயிரோடு இருந்தால், வரும் தை மாதத்துக்குள் போய்க் கேட்டு எழுதி வையுங்கள். இடத்தின் சர்வே எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதியை உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்தில் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.